வளர்த்தி விட்ட சட்டை

அந்தக் காகிதங்களை அந்தம்மா முதன்முதலாக என் மேசையில் விரித்தபோது, யாரோ வெங்காயத் தோலை உரித்துப் பரப்பியதைப் போல இருந்தது. மஞ்சளாகிப்போன மெல்லிய காகிதம். அதில் உள்ளங்கை அளவில் ஒரு முதுகு, விரல் அளவில் ஒரு சட்டைக் கை, பாதி நிலாவைப் போல ஒரு பாவாடை என்று கோடு கோடாக அச்சடித்திருந்தது. அது மழை மாதம். எங்கள் மலை ஊரான ஹட்டனில் அந்த மாதங்களில் உப்புக்கூடத் தண்ணீர் விட்டு நிற்கும். காகிதமும் ஈரம் குடித்துத் துவண்டு கிடந்தது.

“அயன் பெட்டிய மேல வச்சிராதீங்கண்ணே. சூடு மட்டும் காட்டுங்க. சுருக்கம் அதுவா போயிரும்.”

நான் பெட்டியைக் காகிதத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு மெதுவாக நகர்த்தினேன். காகிதம் உயிர் வந்ததைப் போல நிமிர்ந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். எனக்கும் மூச்சு அடங்கித்தான் இருந்தது. அதற்குக் காரணம் காகிதம் இல்லை.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள தையல்கடையில் நான் அயன் பண்ணுகிறவன். அன்றும் அதே வேலை, இன்றும் அதே வேலை. முதலாளி ஒரு முஸ்லிம். அண்ணன் என்ற அர்த்தத்தில் எல்லாரும் நானா என்று கூப்பிடுவோம். அவருடைய கடையில் வாசலோரம் ஒரு மெஷின் சும்மா கிடந்தது. சைப்ரஸ் நாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பிய அந்தம்மா அதை வாடகைக்குக் கேட்டு வந்தார். பகலில் ஜாக்கெட்டும் ஸ்கூல் சட்டையும் தைப்பார். கை ஓய்ந்த நேரத்தில் பொம்மைச் சட்டை.

நானா அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்.

“என்ன தங்கச்சி, பொம்மைக்குச் சட்ட தைக்கவும் ப்ளேன் போட்டு வச்சீக்கா? வீடு கட்டவே இங்க ஆக்கள் ப்ளேன் போடுறதில்ல.”

“இது வெள்ளக்காரங்க ப்ளேன் நானா. அவங்க பொம்மைக்கும் ப்ளேன் போட்டுத்தான் தைப்பாங்க.”

அந்தக் காகிதங்களின் கதை இவ்வளவுதான். சைப்ரஸில் அவர் பார்த்துக்கொண்ட வயதான சீமாட்டி, தான் சிறுபிள்ளையாக இருந்த காலத்துப் பொம்மைகளை அலமாரியில் வைத்திருந்தாராம். குழந்தைப் பொம்மை இல்லை. இடுப்புச் சிறுத்து, கால் நீண்ட குமரிப் பொம்மை. அதற்குத் தைத்துப் போடுவதற்கென்றே அந்தக் காலத்தில் அளவுக் காகிதங்களை உறையில் போட்டு விற்றிருக்கிறார்கள். உறையின் மேல் படம்: கோட்டு போட்ட பொம்மை, கல்யாண உடுப்புப் போட்ட பொம்மை, விமானப் பணிப்பெண் உடுப்பில் ஒரு பொம்மை. சீமாட்டிக்கு விரல் மடங்காது. இவருக்கு அவர் பாஷை தெரியாது. படத்தைக் காட்டிக் காட்டி இரண்டு பேருமாகத் தைத்துப் பொழுது போக்கியிருக்கிறார்கள். சீமாட்டி இறந்ததும் பிள்ளைகள் வந்து வீட்டை ஒழித்தபோது, இவர் ஒரேயொரு பொம்மையையும் இந்த உறைகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

பொம்மை எங்கே என்று கேட்டேன். “மகள்கிட்ட இருக்கு” என்றார்.

ஆமாம், அவர் எங்கள் கடையில் தைத்ததெல்லாம் பக்கத்தில் இல்லாத ஒரு பொம்மைக்குத்தான். மகள் வட்டவளையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், நாத்தனாரோடு இருந்தாள். பால்பல் விழாத வயதில் விட்டுப் போனவர். புருஷன் அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் அந்தப் பிள்ளை நாத்தனாரை அம்மா என்கிறது, இவரை ஹட்டனம்மா என்கிறது. இவர் கடைக்கு மேலே மேட்டில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்தார். டவுன் ஸ்கூலில் விசாரித்து வைத்தார். இரண்டு கட்டில் வாங்கினார். இரண்டாவது கட்டிலின் மெத்தையைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தது நான்தான். பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கப் போனேன்.

“வேணாம்ணே. அவ வந்து பிரிக்கட்டும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி வட்டவளைக்குப் போவார். போகும்போது புதிதாக ஒரு பொம்மைச் சட்டை பையில் இருக்கும். திங்கட்கிழமை அவர் முகத்தைப் பார்த்தே நானும் நானாவும் தெரிந்துகொள்வோம்: அந்தப் பிள்ளை இந்த வாரமும் வருகிறேன் என்று சொல்லவில்லை.

அவர் தைக்கும்போது பக்கத்தில் நிற்க எனக்கு ஆசை. வேலை இருப்பதைப் போல எதையாவது மடித்துக்கொண்டு நிற்பேன். சின்னத் துணியை மெஷின் பல் இழுத்து விழுங்கிவிடும் என்று அடியில் பேப்பர்த் துண்டு வைத்துத் தைத்து, பிறகு பேப்பரைக் கிழித்து எடுப்பார். விரல் நுழையாத சட்டைக் கையைக் குடைக்கம்பியால் குத்திப் புரட்டுவார். அளவுக் காகிதத்தில் ஊசி குத்தமாட்டார். பக்கத்து ஆட்டோ கராஜில் வாங்கிய இரும்பு நட்டுகளை நாலு மூலையிலும் வைத்து, அதைச் சுற்றிச் சோப்புத் துண்டால் கோடு இழுப்பார். எல்லாம் சரி. கத்தரிக்கோல் எடுத்ததும்தான் தவறு.

காகிதத்தில் வெட்ட ஒரு கோடு இருந்தது, தைக்க அதற்கு உள்ளே ஒரு புள்ளிக் கோடு இருந்தது. அவர் கத்தரி இரண்டையும் மதிக்காது. வெளிக்கோட்டையும் தாண்டி, பக்கத்தில் ஒரு விரல், கீழே ஒரு விரல் என்று கூட விட்டு வெட்டும். கூடுதல் துணியை உள்ளே மடித்துத் தைத்துவிடுவார். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குத் தைக்கும் எல்லாரும் செய்வது இது. வருடத்துக்கு ஒரு சீருடைத் துணிதான் கிடைக்கும்; பிள்ளையோ மாதத்துக்கு மாதம் வளரும். அதனால் கீழே அகலமாக மடித்து விடுவோம், வளர வளரப் பிரித்து இறக்குவோம். வளர்த்திக்கு விடுவது என்று சொல்வோம். அவர் பொம்மைக்கும் வளர்த்தி விட்டார்.

கொட்டகலைப் பக்கத்து டீச்சர் ஒருவர் ஜாக்கெட் வாங்க வந்தவர், அந்த உறைகளின் படங்களைப் பார்த்து மயங்கிவிட்டார். தன் மகளின் பொம்மைக்கு ஒரு நீளக் கவுன் வேண்டும் என்றார். உடம்போடு ஒட்டி இறங்கி, முழங்காலுக்குக் கீழே மீன் வாலைப் போல விரியும் கவுன். அந்தம்மா ஒரு வாரம் இருந்து தைத்தார். கரும்பச்சைச் சாட்டின் துணி, முதுகில் சோற்றுப் பருக்கை அளவில் பொத்தான்கள். கையில் வைத்துப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அடுத்த வாரம் டீச்சர் பொம்மைக்கு அதைப் போட்டு, பொம்மையோடு கொண்டுவந்து நானாவின் மேசையில் நிறுத்தினார். உள்ளே மடித்த துணியெல்லாம் சேர்ந்து இடுப்பில் திரண்டு நின்றது.

“ஏங்க, இந்தப் பொம்மைக்கு இது எத்தனாவது மாசம்?” என்றார் டீச்சர்.

கடையே சிரித்தது. அந்தம்மாவும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். மன்னிப்புக் கேட்டு, அப்படியே உட்கார்ந்து பிரித்தார். டீச்சருக்குத் தேத்தண்ணி வந்தது. புதிதாகத் துணி எடுத்து வெட்டினார். நானா எட்டிப் பார்த்தார். கத்தரி மறுபடியும் கோட்டுக்கு வெளியேதான் போய்க்கொண்டிருந்தது.

“புள்ள, நான் ஒண்டு கேக்குறன். பொம்ம வளருமா?”

“வளராதுன்னு எனக்குத் தெரியாதா நானா? கைக்குத் தெரிய மாட்டேங்குது.”

கடைசியில் அந்தக் கவுனை நானா வெட்டித்தான் அவர் தைத்துக் கொடுத்தார்.

கைக்கு ஏன் தெரியவில்லை என்பதை ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு, யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல், மெஷினைப் பார்த்துச் சொல்வதைப் போலச் சொன்னார்.

சைப்ரஸிலிருந்து மகளுக்குச் சட்டை தைத்து அனுப்புவாராம். அளவுக்கு எங்கே போவது? போனில் முகம் தெரியும், உயரம் தெரியாது. நாத்தனாருக்கு டேப் பிடித்து அளக்க வராது. அதனால் இருவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தோட்டத்து லயங்களில் கதவெல்லாம் ஒரே அளவு. இவர் பிறந்ததும் அப்படி ஒரு லயத்தில்தான். கதவின் தாழ்ப்பாள் தன் உடம்பில் எந்த வயதில் எங்கே இடித்தது என்று இவருக்குத் தெரியும். “புள்ள கதவுல எவ்வளவுக்கு வர்றா மதினி?” என்று கேட்பார். “தாழ்ப்பாளுக்கு நாலு வெரக்கட கீழ நிக்கிறா” என்று நாத்தனார் சொல்வார். அதை வைத்து அங்கே துணி வெட்டுவார். சட்டை அளவெடுத்ததைப் போலப் பொருந்துமாம். நாத்தனார் போனில் சிரிப்பாராம்: “நீ கடல் தாண்டியும் கண்ணு வச்சிருக்கடி.”

ஒரு வருடம் கேட்டபோதும் தாழ்ப்பாளுக்கு நாலு விரற்கடை கீழே என்றார். அடுத்த தடவையும் அப்படியே. பிள்ளை வளரவில்லை என்று இவருக்குப் பயம் பிடித்தது. சாப்பிடுகிறாளா, பூச்சிமருந்து கொடுத்தீர்களா என்று போன் மேல் போன். தீபாவளிக்குப் பழைய அளவிலேயே, மடிப்புக்கூட இல்லாமல், கச்சிதமாக ஒரு சட்டை தைத்து அனுப்பினார். மயில் கழுத்து நிறத்தில் பட்டு. அது அந்தப் பிள்ளையின் தோளைத் தாண்டி இறங்கவில்லை.

நடந்தது என்னவென்றால், தோட்டத்தில் அந்த லயத்துக்குக் கதவு மாற்றியிருக்கிறார்கள். புதுக் கதவில் தாழ்ப்பாளை ஒரு சாண் மேலே அடித்துவிட்டார்கள். பிள்ளை வளர்ந்துகொண்டுதான் இருந்தது, தாழ்ப்பாளும் மேலே போய்விட்டது. நாத்தனாருக்குக் கதவைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

“தீபாவளிக்குப் பழைய சட்டையப் போட்டுக்கிட்டு நின்னா. போன்ல பாத்தேன். நான் தச்சு அனுப்புனத லயத்துல வேற ஒரு புள்ள போட்டுக்கிட்டு ஓடுது” என்றார். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். “கூட இருந்தா மடிச்சுக்கலாம்ணே. கொறஞ்சா என்ன பண்றது?”

இதுதான் அவர் அடிக்கடி சொல்வது. தேத்தண்ணிக்குச் சீனி போடும்போதும் இதையே சொல்வார்.

அவரோடு ஒரே ஒரு ஞாயிறு நானும் வட்டவளைக்குப் போனேன். பொங்கலுக்கு நாத்தனாருக்கு ஒரு மாவரைக்கும் இயந்திரம் வாங்கியிருந்தார். தூக்க ஆள் வேண்டியிருந்தது. ரயிலில் அவர் ஜன்னலோரம் இருந்தார். ரொசல்ல ஸ்டேஷன் தாண்டும்வரை மடியிலிருந்த பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, “இன்னைக்குக் கேக்கப் போறேன்” என்றார். ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் சொல்வாராம்.

நாத்தனார் நான் நினைத்ததைப் போல இல்லை. கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள், வாய் நிறைய வெற்றிலை. ரொட்டி சுட்டு, கட்டச் சம்பலோடு கொடுத்து, இன்னொன்று தின்னுங்க என்று விடாமல் உபசரித்தார். பொம்மை, வீட்டிலிருந்த கண்ணாடி அலமாரிக்கு மேலே, பிளாஸ்டிக் பையைப் போர்த்திக்கொண்டு நின்றது. அதன் உடுப்புகள் ஒரு பிஸ்கட் டின்னில் மடிப்புக் கலையாமல் இருந்தன.

அந்தப் பிள்ளை பையைக் கழற்றி, புதுச் சட்டையைப் பொம்மைக்குப் போட்டு, அம்மாவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு முன்னால் பாட்டுப் பாடச் சொன்னால் பிள்ளைகள் பாடுவார்களே, அதைப் போல. பொம்மை வயது அவளுக்குத் தாண்டிவிட்டது என்பது ஒரு தடவை பார்த்த எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் அவர் தைத்துக் கொடுக்க அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? மகளின் சட்டையை நாத்தனார் எடுத்துக் கொடுப்பார். மிஞ்சியது பொம்மைதான்.

“லீவுக்கு ஹட்டனுக்கு வாறியாம்மா?”

பிள்ளை நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் கூரையைப் பார்த்தார்.

“அடுத்த லீவுக்குப் பாப்போம், ஹட்டனம்மா.”

“நான் ஒன்னும் புடிச்சி வைக்கல புள்ள” என்றார் நாத்தனார். “அவளா வந்தா கூட்டிக்கிட்டுப் போ. நான் ஏன்னு கேக்கமாட்டேன்.” சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

திரும்பும்போது ரயிலில் கூட்டம். நின்றுகொண்டே வந்தோம். அவர் என் சட்டைக் கையைப் பார்த்து, “இந்தத் தையல் பிரிஞ்சிருக்குண்ணே, நாளைக்குக் கழட்டிக் குடுங்க” என்றார். அந்தச் சட்டையை நான் இப்போதும் போடுகிறேன்.

என் மனதில் இருந்தது நானாவுக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. காகிதத்துக்குச் சூடு காட்டும் லட்சணத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாராம்.

“தம்பி, உனக்கும் ஆரும் இல்ல, அந்தப் புள்ளைக்கும் தொண இல்ல. நான் ஒரு வார்த்த பேசட்டா?”

“இப்ப வேணாம் நானா. மக வந்து சேரட்டும்.”

“மக வாறது எப்ப, நீ வாய் தொறக்குறது எப்ப? ரெண்டுக்கும் நடுவுல நான் கபுருக்குப் போயிருவன்” என்றார். பிறகு, “சரி, பெருநாள் கழியட்டும், நானே பேசுறன்” என்று தானாகவே முடிவு செய்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த நாட்களில் நான் பாட்டுக்கூட முணுமுணுத்ததாகக் கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள்.

பெருநாள் கழிவதற்குள் வட்டவளையிலிருந்து போன் வந்தது. அந்தப் பிள்ளை பெரிய மனுஷியாகிவிட்டாள்.

அவர் போனை வைத்துவிட்டு அழுதார், சிரித்தார், மெஷினுக்கு எண்ணெய் விட்டார். அன்று மாலையே போய், மறுநாள் காலையில் வந்தார். சடங்குக்குத் தாவணிப் பாவாடையும் ஜாக்கெட்டும் நீதான் தைக்க வேண்டும் என்று நாத்தனாரே சொல்லிவிட்டாராம். அந்தப் பிள்ளையின் உடம்பில் அவர் டேப் வைத்தது அதுதான் முதல் தடவை.

“தோள் எனக்கு வர்ற அளவே வந்துருச்சுண்ணே” என்றார். அதைச் சொல்லிவிட்டு நெடுநேரம் துணியை வெட்டாமல் தடவிக்கொண்டே இருந்தார்.

பிறகுதான் என் மேசைக்கு வந்தார். நானாவும் அங்கேதான் இருந்தார்.

“அண்ணே, ஒன்னு கேட்டா தப்பா எடுத்துக்கமாட்டீங்களே? சடங்குக்குத் தாய்மாமன் சீர் வைக்கணும். எனக்குக் கூடப் பொறந்தவங்க யாருமில்ல. சீர் இல்லாம புள்ளைய உக்கார வச்சா லயத்துல நாலு பேர் நாலு பேசுவாங்க. அவளுக்கு அம்மா வழியில ஒரு ஆளும் இல்லன்னு ஆயிரும். நீங்க வந்து நிப்பீங்களா?”

தாய்மாமன் என்றால் அம்மாவின் உடன்பிறந்தவன். ஊர் பார்க்கச் சீர்த்தட்டைத் தூக்கியவன் அன்றிலிருந்து அந்த அம்மாவுக்கு அண்ணன்தான். அதற்குப் பிறகு வேறு உறவு பேச எங்கள் சனத்தில் வாய் வராது. நானாவுக்கும் இது தெரியும். இத்தனை வருடம் எங்களுக்கு நடுவில் இருப்பவர். அவர் மெஷினை நிறுத்திவிட்டு ஊசியில் நூல் கோப்பதைப் போல குனிந்துகொண்டார். ஊசியில் நூல் ஏற்கனவே இருந்தது.

நான் அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு அதில் ஒரு களங்கமும் இல்லை. இந்தப் பக்கத்தில் தனக்கு இருக்கும் ஒரே ஆள் நான் என்று நினைத்துக் கேட்டார். அதை விடப் பெரிதாக யார் என்னை நினைத்திருக்கிறார்கள்?

“வாறேன்” என்றேன்.

ஜாக்கெட்டை நான்தான் அயன் பண்ணினேன். அரக்கு நிறம். பக்கவாட்டில் உள்ளே இரண்டு விரல் துணி மடித்திருந்தது. பெட்டியை வைத்தால் மேடாக நின்றது.

“இவ்வளவு வேணுமா? இன்னும் வளருமா?” என்று கேட்டேன். நான் வலியக் கேட்பது அபூர்வம்.

“வளரட்டும்ணே” என்றார்.

சடங்கன்று நான் வேட்டி கட்டிக்கொண்டு, தேங்காய் பழம், வளையல், சேலை வைத்த தட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு லயத்து வாசலுக்குள் நுழைந்தேன். தப்பு அடித்தார்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என்னைப் போல ஒரு கூச்சக்காரனுக்கு அதைவிடத் தண்டனை வேறு இல்லை. “தாய்மாமனுக்கு வழி விடுங்க” என்று யாரோ சத்தம் போட்டார்கள். வழி விட்டார்கள். அந்தப் பிள்ளையின் கழுத்தில் மாலையைப் போட்டேன். அவள் குனிந்து என் காலைத் தொட்டு, “மாமா” என்றாள். அவ்வளவுதான், முடிந்தது.

தண்ணீர் ஊற்றி, உடுத்திக் கொண்டுவந்து உட்கார வைத்தபோது லயத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டு கேலி பேசினார்கள். ஒருத்தி ஜாக்கெட்டின் விலாப் பக்கத்தைக் கிள்ளிப் பார்த்தாள்.

“என்னடி இது, ஜாக்கெட்டுக்குள்ள இன்னொரு ஜாக்கெட்டு மடிச்சு வச்சிருக்கு? எந்த டெய்லர் கட?”

“எங்கம்மா தச்சது” என்றாள் அந்தப் பிள்ளை. “அவங்க அப்பிடித்தான் தைப்பாங்க. அடுத்த வருசத்துக்கும் சேத்து.”

நாத்தனார் பந்தியில் சோறு போட்டுக்கொண்டிருந்தார். அந்தம்மா அவர் பக்கம் திரும்பி, மதினி எப்போது தைத்தார் என்பதைப் போலப் பார்த்தார். அந்தப் பிள்ளையின் வாயில் அம்மா என்றால் இதுவரை மதினிதானே. பிறகுதான் புரிந்தது. கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நாத்தனார் கரண்டியை நிறுத்தி ஒரு கணம் இங்கே பார்த்துவிட்டு, அடுத்த இலைக்குப் போனார்.

கூட்டம் கலைந்ததும் அந்தம்மா கேட்டார். நானும் நாத்தனாரும் பக்கத்தில் இருந்தோம்.

“ஹட்டனுக்கு வாறியாம்மா? ரூம்ல எல்லாம் இருக்கு.”

அந்தப் பிள்ளை இந்தத் தடவை யாரையும் பார்க்கவில்லை.

“அம்மாவ விட்டுட்டு நான் எப்பிடிம்மா வர்றது? இவங்களுக்கு முழங்கால் முடியல. நீங்க இங்க வந்துருங்க.”

அவர் இத்தனை நாள் போட்ட கணக்கில் அப்படி ஒரு வழி இருக்கவே இல்லை. பிள்ளை தன்னிடம் வர வேண்டும் என்றுதான் அறை எடுத்தார், கட்டில் போட்டார், ஸ்கூல் பார்த்தார். லயத்தை விட்டுப் போக வேண்டும் என்றுதான் கடல் தாண்டினார். அந்த லயத்துக்கே வா என்கிறது பிள்ளை. நாத்தனார் வெற்றிலையை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

“எடம் பத்துமா மதினி?” என்று கேட்டார் அந்தம்மா.

“நடுவுல ஒரு படங்குத் துணி கட்டி மறைச்சுக்கலாம் புள்ள” என்றார் நாத்தனார். சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்ப வாசலுக்குப் போனார்.

அந்த வார முடிவில் ஒரு வேன் பிடித்தேன். கட்டில்கள், பெட்டி, அளவுக் காகித உறைகள், நானா தன் பங்குக்குக் கொடுத்த அந்த வாசலோரத்து மெஷின் எல்லாம் ஏறின. நானா மெஷினைத் தட்டிக் கொடுத்து, “போய் அந்த லயத்துப் புள்ளயளுக்கெல்லாம் பொம்மைக்குத் தச்ச மாதிரி தை. அதுகள் வளரும், உன் கணக்குச் சரியா வரும்” என்றார். அப்படித்தான் ஆனதாம். அந்தத் தோட்டத்தில் அவர் தைத்த ஸ்கூல் சட்டை அக்காளுக்குப் பிறகு தங்கச்சிக்கும் உதவும் என்று அப்போது பேர்.

வேன் புறப்படும்போது அவர் தலையை வெளியே நீட்டினார்.

“அண்ணே, சும்மா இருக்காதீங்க. உங்களுக்கு ஒரு பொண்ணு பாக்குறது இனி என் பொறுப்பு.”

சொன்னதைச் செய்கிறவர். நான் வட்டவளைக்குப் போகும்போதெல்லாம் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வார். நான் தேத்தண்ணியைக் குடித்து முடிப்பேன். இப்போது அவ்வளவாகப் போவதும் இல்லை. அந்தப் பிள்ளை படித்து, கொழும்பில் வேலையாகி, கல்யாணமாகி, இரண்டு அம்மாக்களையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. கல்யாணத்திலும் தாய்மாமன் நான்தான். மழை மாதம் வந்தால் என் மேசையில் கை சும்மா நிற்கும் நேரங்கள் உண்டு. பெட்டி சூடாகவே இருக்கும்.

தீபாவளிக்கு மட்டும் தவறாமல் ஒரு பார்சல் அனுப்புகிறேன். தங்கைக்குச் சேலை எடுத்துக் கொடுப்பது அண்ணன் முறை. ஊர் கொடுத்த அந்த முறையில், வருடத்துக்கு ஒருநாள், அவருக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று நின்று யோசிக்க எனக்கு உரிமை இருக்கிறது. இந்த வருடமும் ஹட்டன் கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். புதிதாக வேலைக்கு வந்த பெண் மேல்தட்டிலிருந்த பட்டுச் சேலையில் கை வைத்தபடி கேட்டது.

“யாருக்குண்ணே? வீட்டுக்கா?”

“இல்லம்மா. தங்கச்சிக்கு.”

“தங்கச்சிக்குன்னா இது போதும்ணே” என்று கையை எடுத்து, கீழ்த்தட்டிலிருந்து சாதாரணச் சேலைகளை எடுத்துப் போட்டது. நல்ல சேலைகள்தான். நான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, மடித்து வைத்தேன்.

“மொதல்ல கை வச்சீங்களே, அதக் காட்டுங்க” என்றேன்.